நாலு வருஷம், மூன்று போன், ஒரு பெருவிரல்

குமரி மாவட்டத்தின் அழகியமண்டபத்தில் ஏறி வேர்க்கிளம்பி வழியாகப் போகும் டவுன் பஸ்ஸில், காலை எட்டரை மணிக்கு உட்கார இடம் கிடைத்தால் அது அன்றைய அதிர்ஷ்டம். பெரும்பாலும் நின்றுதான் போவேன். இடது கை மேலே கம்பியில் இருக்கும். தோளில் பை. மழை நாளென்றால் நனைந்த குடை முழங்கையில் தொங்கும். மிச்சம் வலது கை ஒன்றுதான். என் வேலையில் பாதி அந்த ஒரு கையில்தான் நடக்கிறது.

நான் ஒரு மருந்து மொத்த விற்பனைக் கடைக்கு ஆர்டர் எடுப்பவள். திருவட்டாறு, குலசேகரம், பேச்சிப்பாறை என்று ஒரு நாள். கருங்கல், குளச்சல், திங்கள்சந்தை என்று இன்னொரு நாள். மெடிக்கல் ஸ்டோர் கவுண்டர் முன்னால் நின்றபடி, அவர்கள் சொல்லச் சொல்ல போனில் உள்ள ஆப்பில் ஏற்ற வேண்டும். பழைய பில் வசூல், காலாவதி மருந்துகளைத் திருப்பி எடுப்பது, யூபிஐ-யில் பணம் வந்ததா என்று பார்ப்பது எல்லாம் அதே போனில்தான். ஒரு நாளைக்கு இருபது கடை. உட்காருவது மதியச் சாப்பாட்டுக்கு மட்டும். 2021 மே மாதம் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் வேண்டாம் என்றான பிறகு ஸ்கூட்டரை வீட்டில் நிறுத்திவிட்டு பஸ்ஸுக்கு மாறினேன். பெட்ரோல் காசு மிச்சமானது. போன் கையில் இருக்கிற நேரமும் கூடிப்போனது.

அந்த வருஷம்தான் தம்பி வளைகுடாவிலிருந்து லீவுக்கு வந்தபோது ஒரு பெரிய போன் கொண்டுவந்தான். 6.8 அங்குலத் திரை, 5000 எம்ஏஎச் பேட்டரி (எம்ஏஎச் என்பது பேட்டரியில் எவ்வளவு சார்ஜ் அடங்கும் என்பதன் கணக்கு). "அக்கா, அங்க எல்லாரும் இதுதான் வச்சிருக்காவ. ரெண்டு நாள் சார்ஜ் நிக்கும்" என்றான். பொய் சொல்லவில்லை. ராத்திரி பத்து மணிக்கு வீட்டுக்கு வந்து பார்த்தாலும் 35, 40 சதவீதம் இருக்கும். சார்ஜரைப் பற்றிய நினைப்பே இல்லாமல் ஒரு வருஷம் ஓடியது.

கனம்தான் முதலில் தெரிந்தது. உறையோடு சேர்த்துப் பலசரக்குக் கடைத் தராசில் வைத்தபோது 238 கிராம் காட்டியது. ஒரு சுடிதாரிலும் அதற்கேற்ற பாக்கெட் கிடையாது. பையில் போட்டால் ஒவ்வொரு கடையிலும் துழாவி எடுக்க வேண்டும். அதனால் கையிலேயே வைத்திருந்தேன். ஒரு கையால் பெரிய போனைப் பிடிப்பவர்கள் எல்லாரும் செய்கிற ஒன்றை நானும் செய்தேன்: சுண்டுவிரலை அடியில் முட்டுக் கொடுத்து, மற்ற மூன்று விரலால் பின்பக்கத்தைத் தாங்கி, பெருவிரலை மட்டும் திரையில் ஓட விடுவது. திரையின் கீழ்ப் பாதி வரைக்கும் இது சுகமாக இருக்கும். எங்கள் ஆப்பில் 'சேமி' பொத்தான் வைத்திருந்ததோ மேலே, இடது மூலையில். வலது கைப் பெருவிரலுக்கு அதைவிட எட்டாத இடம் திரையில் வேறு இல்லை.

2022 அக்டோபரில் ஒரு நாள். திருவட்டாறு தாண்டி ஒரு வளைவு. அதற்கு முந்தைய கடையின் ஆர்டரைச் சேமிக்க மறந்திருந்தேன். மூலையைத் தொட வேண்டுமென்றால் போனை உள்ளங்கையில் கொஞ்சம் மேலே ஏற்றிப் பிடிக்க வேண்டும். அந்த ஒரு நொடி, போனைப் பிடித்திருப்பது விரல் நுனிகள் மட்டும்தான். டிரைவர் பிரேக் போட்டார். போன் படிக்கட்டு விளிம்பில் பட்டுக் குப்புற விழுந்தது. பக்கத்தில் நின்ற ஒரு அம்மா எடுத்துத் தந்து, "எனக்க பிள்ளே, கண்ணாடி போயிற்றே" என்றார். திரையில் இடது மூலையிலிருந்து வலது கீழ் வரை கோடு. திரை மாற்ற நாகர்கோவிலில் 5,200 ரூபாய் ஆனது.

அதைவிடப் பெரிய நஷ்டம் பிறகு வந்தது. 2023 தொடக்கத்தில் வலது பெருவிரலின் அடியில், மணிக்கட்டோடு சேரும் இடத்தில், ஒரு வலி. காலையில் தோசைக் கரண்டியைத் திருப்பும்போது சுரீர் என்று இழுக்கும். பாட்டில் மூடி திறக்க முடியாது. எலும்பு மருத்துவர் என் பெருவிரலை உள்ளே மடக்கி முஷ்டி பிடிக்கச் சொன்னார். அப்படியே மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாகக் கீழே சாய்க்கச் சொன்னார். உயிரே போகிற வலி. பெருவிரலை விரிக்கும் தசைநாண்கள் மணிக்கட்டில் ஒரு உறைக்குள் ஓடுகின்றன, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தால் அந்த உறை தடித்து வீங்கிவிடும் என்று விளக்கினார். டி குவெர்வன் என்று ஒரு பெயரும் சொன்னார். கைக்குழந்தையைத் தூக்கித் தூக்கி இளம் அம்மாக்களுக்கு வருகிற அதே வலிதானாம். ஆறு வாரம் பட்டை போட்டேன். "போனை ரெண்டு கையால பிடிச்சா பாதி சரியாயிரும்" என்றார். இன்னொரு கை பஸ் கம்பியில் இருக்கிறது என்பதை அவரிடம் எப்படிச் சொல்ல?

சரி, சின்ன போன் வாங்கிவிடலாம் என்று கிளம்பினேன். புதிதில் சின்னது என்று கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை. 2011-ல் 5.3 அங்குலத்தில் கேலக்ஸி நோட் வந்தபோது இவ்வளவு பெரியதைக் காதில் வைத்து யார் பேசுவார்கள் என்று கேட்டார்கள். இன்று அந்த அளவு திரையைக் கடையில் தேடினாலும் கிடைக்காது. ஆப்பிள் 2020-லும் 2021-லும் 5.4 அங்குலத்தில் மினி என்று போட்டுப் பார்த்தது. 2022-ல் அந்த இடத்தில் 6.7 அங்குல பிளஸ் வந்துவிட்டது. கடைசியில் ஒரு பழைய போன் வாங்கினேன். 5.8 அங்குலம், 143 கிராம், புதிதாக இருக்கும்போது 3140 எம்ஏஎச்.

கையில் எடுத்ததும் எனக்கு ஏற்பட்ட நிம்மதியை இப்போதும் மறக்க முடியவில்லை. பெருவிரல் நான்கு மூலையையும் தொட்டது. பஸ்ஸில் நின்று ஆர்டர் ஏற்றினேன்; குடை பிடித்துக்கொண்டு ஏற்றினேன். இரண்டு மாதத்தில் மணிக்கட்டு வலியும் குறைந்தது.

ஆனால் பேட்டரி காலை எட்டுக்கு நூறு, மதியம் ஒன்றுக்கு நாற்பது, மூன்றரைக்குப் பத்து. லித்தியம் பேட்டரி பல போன்களில் ஐந்நூறு முறை முழுதாக ஏறி இறங்கினால் தேய்ந்து, முதலில் பிடித்ததில் எண்பது சதவீதம் அளவுக்குத்தான் சார்ஜ் பிடிக்கும். இரண்டு மூன்று வருஷம் ஓடிய போனில் 3140 என்று எழுதியிருந்தாலும் உள்ளே இருப்பது 2500தான் என்று வைத்துக்கொள்ளலாம். இதை நான் வாங்கிய பிறகுதான் தெரிந்துகொண்டேன். பழைய போன் வாங்குகிறவர்கள், புதுப் பேட்டரி போடும் செலவையும் அன்றே விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

பேச்சிப்பாறைப் பக்கம் போகிற நாட்களில் இன்னும் மோசம். மலையும் ரப்பர்த் தோட்டமுமாக இருக்கிற இடத்தில் டவர் கிடைப்பதும் போவதுமாக இருக்கும். போன் டவரிலிருந்து தூரமாக இருந்தால் அதிக சக்தியில் சிக்னல் அனுப்பும். சிக்னலே இல்லையென்றால் விடாமல் தேடிக்கொண்டிருக்கும். நாம் கையில் தொடாமல் பையில் போட்டு வைத்திருந்தாலும் சார்ஜ் இறங்குவது இதனால்தான். நாகர்கோவிலில் ஒரு நாள் முழுதும் நிற்கிற போன் இங்கே அரை நாளில் படுத்துவிடும்.

2023 நவம்பரில் வடகிழக்கு மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம். பேச்சிப்பாறை வழியில் ஒரு சிறிய மெடிக்கல் ஸ்டோரில் ஆர்டர் எடுத்தேன். பதினாறு அயிட்டம். அதில் ஒன்று இன்சுலின், நான்கு குப்பி. கடைக்கார அண்ணன் தனியாகச் சொன்னார்: "இது நாளைக்குக் கட்டாயம் வரணும் பிள்ளே. ஒரு பாட்டாவுக்கு உள்ளது. அவருக்கு வேற ஆள் இல்ல." சேமித்தேன். சிக்னல் இல்லாததால் ஆர்டர் போனுக்குள்ளேயே இருந்தது. டவர் கிடைக்கும் இடம் வந்ததும் தானாகப் போய்விடும். குலசேகரம் வந்தால் டவர் உண்டு. ஆனால் அங்கே வந்து சேருவதற்குள் போன் அணைந்துவிட்டது. அடுத்த பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போய்ச் சார்ஜ் போடும்போது மணி எட்டரை. மறுநாள் வண்டிக்கு லோடு பிரிப்பது ஏழு மணியோடு முடிந்துவிடும்.

மறுநாள் மாலை அந்த அண்ணன் போன் செய்தார். கோபப்படவில்லை. "இன்சுலின் வரல்லியே பிள்ளே. அவரு மழையில மார்த்தாண்டம் வரைக்கும் போய் வாங்கிட்டு வந்தாரு" என்றார். எழுபத்தைந்து வயது மனுஷன், இரண்டு பஸ் மாறி, ஐஸ் பையைக் கையில் பிடித்துக்கொண்டு. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வாரமே ஒரு சின்ன நோட்டு வாங்கினேன். இன்றும் குளிர்சாதனத்தில் வைக்க வேண்டிய மருந்து எதுவென்றாலும் போனில் ஏற்றுவதோடு நோட்டிலும் எழுதுகிறேன். டவர் உள்ள கடைக்கு வந்ததும் அவர்களுடைய போனிலிருந்தாவது கூப்பிட்டுச் சொல்லிவிடுகிறேன்.

ஆக, பெரியதில் கை போயிற்று, சின்னதில் வேலை கெட்டது. அடுத்தது வாங்குவதற்கு முன்னால் ஏன் இப்படி என்று புரிந்துகொள்ள ஆசைப்பட்டேன்.

பெரிய போனில் திரையும் பெரிதுதானே, அதுவும் கூடுதல் கரண்டைத் தின்னாதா, பிறகு எப்படிப் பேட்டரி அதிக நேரம் நிற்கிறது? எனக்கு விடை கிடைத்தது எங்கள் வீட்டு மனையைப் பார்த்தபோது. மூன்று சென்டில் வீடு வைத்தாலும் ஐந்து சென்டில் வைத்தாலும் கிணறு, கக்கூஸ் குழி, படிக்கட்டு, அடுக்களை ஏறக்குறைய ஒரே இடத்தைத்தான் பிடிக்கும். கூடுதலாகக் கிடைக்கிற இரண்டு சென்டும் முழுசாக ஹாலுக்கும் அறைக்கும் போகும். போனும் அப்படித்தான். கேமரா, சிப் இருக்கும் பலகை, ஸ்பீக்கர், சிம் தட்டு இவையெல்லாம் சின்ன போனிலும் பெரிய போனிலும் கிட்டத்தட்ட அதே அளவு. உடம்பு பெரிதானால் மிஞ்சுகிற இடம் எல்லாம் பேட்டரிக்கு. கேலக்ஸி எஸ்23-ஐயும் அதன் அல்ட்ராவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 6.1 அங்குலத்தில் 3900 எம்ஏஎச், 6.8 அங்குலத்தில் 5000. எடை 168 கிராமும் 230 கிராமுக்கு மேலும்.

இன்னொன்றும் புரிந்தது. அங்குலக் கணக்கு நம்மை ஏமாற்றும். அது திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு உள்ள நீளம். கைக்கு அடங்குமா என்பதை முடிவு செய்வது போனின் அகலம். 2014-ல் வந்த ஐபோன் 6 பிளஸுக்குத் திரை 5.5 அங்குலம், உடம்பின் அகலம் 77.8 மி.மீ. 2023-ல் வந்த 15 புரோ மேக்ஸுக்குத் திரை 6.7 அங்குலம், அகலம் 76.7 மி.மீ. 1.2 அங்குலம் கூடிய திரை, குறைந்த அகலம்! திரை நீளவாக்கில் வளர்ந்ததாலும் ஓரப்பட்டைகள் மெலிந்ததாலும் வந்தது இது. ஆகவே கடைக்காரர் "6.7 தானே" என்று சொன்னால் அதை வைத்து ஒன்றும் முடிவு செய்யாதீர்கள். அகலம் எத்தனை மில்லிமீட்டர், எடை எத்தனை கிராம் என்று கேளுங்கள். நிறுவனத்தின் இணையதளத்தில் கடைசியில், யாரும் படிக்காத இடத்தில், இரண்டும் போட்டிருப்பார்கள்.

அந்த எண்களைப் படித்தால் மட்டும் கைக்குத் தெரிந்துவிடாது. அதற்கு நான் ஒரு வேலை செய்தேன். எங்கள் குடோனில் மருந்து வருகிற கெட்டியான அட்டைப் பெட்டிகள் மலை மாதிரி கிடக்கும். மூன்று போனின் நீள அகலத்தை எழுதி வைத்துக்கொண்டு, ஸ்கேல் வைத்து அட்டை வெட்டினேன்: 71 மி.மீ. அகலத்தில் ஒன்று, 74-ல் ஒன்று, 77-ல் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் இரண்டு அட்டை. நடுவில் ஐந்து ரூபாய், பத்து ரூபாய் நாணயங்களைச் செல்லோடேப்பால் பரப்பி ஒட்டி, போனின் தடிமன் வரும்வரை இன்னும் அட்டை வைத்து, சுற்றிலும் டேப் அடித்தேன். அதே பலசரக்குக் கடைத் தராசில் வைத்து எடை சரி பார்த்தேன். நாணயத்தை ஒரே பக்கம் குவிக்காமல் பரப்ப வேண்டும், இல்லையென்றால் கனம் ஒரு பக்கம் இழுக்கும்.

பிறகு ஒரு நாளைக்கு ஒன்று என்று மூன்று அட்டைகளையும் பஸ்ஸில் கொண்டுபோனேன். கம்பியைப் பிடித்து நின்றபடி, பிடியை மாற்றாமல் பெருவிரல் எதிர் மூலையின் பக்கம் எவ்வளவு தூரம் போகிறது என்று பேனாவால் கோடு போட்டேன். 77-ல் பாதிகூடப் போகவில்லை. 74 உலர்ந்த கையில் சமாளிக்கலாம் போல இருந்தது. மழைத் தண்ணீர் பட்ட கையில் வழுக்கியது. 71-ல் மேல் விளிம்பு தவிர எல்லாம் எட்டியது. கடையில் ஐந்து நிமிஷம் போனைப் பிடித்துப் பார்க்கும்போது எல்லாமே வசதியாகத்தான் இருக்கும். மணிக்கட்டு பேசத் தொடங்குவது மூன்றாவது மணி நேரத்தில். அந்தச் செய்தி அட்டையில்தான் எனக்குக் கிடைத்தது. உங்கள் கை என் கையைவிடப் பெரிதாக இருக்கலாம். அப்போது உங்கள் எண் 74 ஆகவோ 77 ஆகவோ இருக்கும்.

அகலம் முடிவானது. இனி அந்த அகலத்துக்குள் எவ்வளவு பேட்டரி கிடைக்கும் என்பதுதான் கேள்வி. இந்த வரிசை எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. சார்ஜ் குறைந்தால் வெளியிலிருந்து ஏற்றிக்கொள்ள வழி உண்டு. என் பெருவிரலின் நீளத்தைக் கூட்ட வழி இல்லை.

2024 டிசம்பரில் வாங்கினேன். 6.4 அங்குலம், 71.2 மி.மீ. அகலம், 171 கிராம், 4310 எம்ஏஎச். தம்பிக்கு வருத்தம். "5000 கூட இல்லியே அக்கா" என்றான். ஆனால் நான் அதற்குள் இன்னொரு எண்ணையும் பார்க்கக் கற்றிருந்தேன்: எத்தனை வாட்டில் சார்ஜ் ஏறுகிறது. பழைய பெரிய போன் 15 வாட்டில் முக்கி முக்கி ஏறும். நிறைய இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இது 68 வாட். மதியம் சாப்பிடுகிற ஓட்டலில் ஒரு பிளக் பாயின்ட் உண்டு. சோறும் மீன்குழம்பும் வந்து, நான் கை கழுவி எழுந்திருக்கும்போது 35 சதவீதத்திலிருந்து 80-க்கு வந்துவிடுகிறது. அதாவது எனக்கு ஒரு நாளைக்கு ஒன்றேகால் பேட்டரி. நடுவில் அரை மணி நேரம் பிளக் கிடைக்கிற வேலை உங்களுடையது என்றால், பெரிய பேட்டரியைவிட வேகமான சார்ஜர் உதவும். ஒன்று மட்டும்: அந்த வேகம் போனோடு வந்த சார்ஜரில், அல்லது அதற்கு ஏற்றதில்தான் வரும். ஓட்டலில் கிடக்கிற ஏதோ ஒன்றைச் சொருகினால் பழைய வேகம்தான்.

பிளக் கிடைக்காத பேச்சிப்பாறை நாளுக்கு மட்டும் பவர் பேங்க் எடுத்துப்போகிறேன். 10,000 எம்ஏஎச் என்று முன்பக்கம் பெரிதாக எழுதியிருக்கும். பின்பக்கம் பொடி எழுத்தில் உண்மையில் வெளியே தருகிற அளவு சுமார் 6000 என்று போட்டிருப்பதையும் படியுங்கள். உள்ளே இருக்கும் செல்லின் வோல்டேஜ் குறைவு. அதை 5 வோல்ட்டாக உயர்த்தும்போது எண் சுருங்கும், கொஞ்சம் சூடாகவும் போய்விடும். என் போனுக்கு ஒரு முறைக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கணக்கு வருகிறது. பவர் பேங்கின் 200 கிராம் பையில் கிடக்கிறது, கையில் இல்லை. 238 கிராமை நாளெல்லாம் பெருவிரலால் சுமந்ததற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் சுமந்தவர்களுக்குத் தெரியும்.

சார்ஜை மிச்சம் பிடிக்க நான் செய்கிறவை சில. குலசேகரம் தாண்டியதும் 5ஜி-யை அணைத்து 4ஜி-யில் வைத்துவிடுவேன். டவரே இல்லாத தோட்டப் பகுதியில் விமானப் பயன்முறை. இது ஒன்றே மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் மிச்சம் பிடித்தது. பேச்சிப்பாறை நாளில் சாயங்காலம் பதினைந்து சதவீதம்வரை கூடுதலாகக் கையில் நின்றது. திரை ஒரு நொடிக்கு 120 முறை புதுப்பிப்பதை 60 ஆக்கினேன். ஆர்டர் ஆப்பைக் கறுப்புப் பின்னணிக்கு மாற்றினேன். ஓஎல்இடி திரையில் கறுப்பாக இருக்கும் புள்ளி அணைந்தே இருக்கும். ராத்திரி தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் போடுவதை விட்டுவிட்டேன், சூடு பேட்டரியின் ஆயுளைத் தின்னும். தினமும் நூறு வரை ஏற்றாமல் 80-ல் நிற்கும்படி அமைப்பில் வைத்திருக்கிறேன். பேச்சிப்பாறைக்கு முந்தின ராத்திரி மட்டும் முழுசாக.

கைக்கும் சில உதவிகள் போனுக்குள்ளேயே இருக்கின்றன. ஆண்ட்ராய்டு 12 முதல் ஒரு கைப் பயன்முறை உண்டு. அமைப்புகளில் போட்டுவிட்டால் அடி விளிம்பில் கீழ்நோக்கி ஒரு இழுப்பு, திரையின் மேல் பாதி பெருவிரல் பக்கத்தில் இறங்கி வந்து நிற்கும். ஐபோனில் இதே மாதிரி ஒன்று 2014 முதலே இருக்கிறது. பெரிய போன் வைத்திருந்த காலத்தில் இது எனக்குத் தெரிந்திருந்தால் அந்தத் திருவட்டாறு வளைவில் 'சேமி' பொத்தான் கீழே வந்திருக்கும். எங்கள் ஆப் செய்கிறவர்களிடமும் இதைச் சொன்னோம். என்னோடு வேலை பார்க்கும் இன்னும் நான்கு பெண்களும் சேர்ந்து கேட்ட பிறகு, பொத்தானைக் கீழே நடுவில் வைத்தார்கள். சின்ன மாற்றம். எனக்கு அது ஒரு புதுப் போன் வாங்கிய மாதிரி இருந்தது.

தமிழில் தட்டச்சு செய்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடது பக்கம், மெய்கள் வலது பக்கம். இரண்டு கையும் மாறி மாறி ஓடட்டும் என்று கணினிக்காக அழகாக யோசித்துச் செய்த அமைப்பு. ஒரு பெருவிரலால் அடிக்கும்போது அதுவே சிரமமாகிறது. 'க' போட்டு 'ஈ' போட, விரல் ஒவ்வொரு எழுத்துக்கும் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் போய்வர வேண்டும். விசைப்பலகையை ஒரு கை வடிவத்துக்கு மாற்றினால் அது சுருங்கி வலது ஓரமாக ஒதுங்கும், ஓட்டம் குறையும். நான் கடை அண்ணன்களுக்கு அனுப்பும் செய்திகளை இப்போது பெரும்பாலும் குரலில் சொல்லி எழுத வைக்கிறேன். மருந்துப் பெயர்களுக்கு மட்டும் அந்த வேலை வேண்டாம், ஒரு எழுத்து மாறினாலும் வேறு மருந்தாகிவிடும். அதை விரலால்தான் அடிக்க வேண்டும்.

கைக்கயிறு. ஐம்பது ரூபாய். உறையின் துவாரத்தில் கோத்து மணிக்கட்டில் போட்டுக்கொண்டால் பிரேக்கைப் பற்றிப் பயமில்லை. முதலிலேயே வாங்கியிருக்க வேண்டும்.

இப்போது ஒரு கைக்கு அடங்கும் அளவும் பெரிய பேட்டரியும் ஒரே போனில் வரத் தொடங்கியிருக்கிறது. பேட்டரியின் ஒரு முனையில் இதுவரை கிராபைட் இருந்தது. அதில் சிலிக்கனைக் கலந்தால் அதே இடத்தில் அதிக லித்தியத்தைப் பிடித்து வைக்க முடியும். சிலிக்கன் சார்ஜ் ஏறும்போது பல மடங்கு உப்பும் என்பதால் கார்பனோடு சேர்த்து அளவாகப் போடுகிறார்கள். 2025 ஜூனில் வந்த ஒன்பிளஸ் 13எஸ் 6.32 அங்குலத்தில் 5850 எம்ஏஎச். ஜூலையில் வந்த விவோ எக்ஸ்200 எஃப்இ 6.31 அங்குலத்தில் 6500. இரண்டும் 190 கிராமுக்குள். வந்தபோது ஐம்பதாயிரத்துக்கு மேல் விலை, என் கைக்கு எட்டாது. ஆனால் இந்த மாதிரிப் பேட்டரி விலை குறைந்த போன்களுக்கும் இறங்கி வந்துகொண்டிருக்கிறது. இப்போது இருப்பது ஓடுகிறவரை பொறுத்திருக்கலாம் என்று இருக்கிறேன்.

பெரிய போன் கெட்டது என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தம்பி தந்த அந்த 6.8 அங்குலம் இப்போது அம்மாவிடம் இருக்கிறது. அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. கட்டிலில் சாய்ந்து, மடியில் தலையணை வைத்து, அதன்மேல் போனை வைத்து, இரண்டு கையாலும் பார்ப்பார். ராத்திரி தம்பி வீடியோவில் வரும்போது அவன் முகம் முழுசாகத் தெரிய வேண்டும். எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கிறேன். "கண்ணாடி போடாமலே எழுத்து தெரியுது மக்களே" என்று சொல்லி என்னிடம் ஒருமுறை வாசித்துக் காட்டினார். வாரத்துக்கு மூன்று முறை சார்ஜ் போட்டால் போதும். எந்த அளவு நல்லது என்று என்னைக் கேட்கிறவர்களிடம் இதனால்தான் முதலில் நான் திருப்பிக் கேட்பது: அதிகமாக நின்றுகொண்டு பார்க்கிறீர்களா, உட்கார்ந்துகொண்டு பார்க்கிறீர்களா? பார்க்கும்போது இன்னொரு கையில் என்ன இருக்கும்?

பேச்சிப்பாறைக் கடை அண்ணன் போன மாதம் இதே கேள்வியோடு வந்தார். மகள் நர்சிங் படிக்க மதுரைக்குப் போகிறாள், போன் வாங்கித் தர வேண்டும். வார்டில் நின்றபடி பார்க்கிற வேலை அது, ஒரு கையில் எப்போதும் ஏதாவது இருக்கும். பையிலிருந்து மூன்று அட்டைகளையும் எடுத்துக் கொடுத்தேன். டேப் கொஞ்சம் பிரிந்திருந்தது, 77 எழுதியதில் ஒரு நாணயம் கழன்று ஆடியது. அந்தப் பிள்ளை மூன்றையும் மாறி மாறிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஒரு வாரம் வச்சுக்கிடட்டுமா அக்கா?" என்று கேட்டாள். இன்னும் அவளிடம்தான் இருக்கிறது.